சிரட்டை, சட்டி, கோப்பை

திருகோணமலைக் கரையோர வீடுகளில் நாய்க்கென்று தனியாக உலை வைப்பதில்லை. வீட்டாருக்கு வடித்த சோற்றில் ஒரு அகப்பை, மீன் வெட்டும்போது கழிக்கிற தலையும் வாலும், சட்டியின் அடியில் மிஞ்சிய குழம்பு. இவற்றைக் குழைத்து வைத்தால் நாயின் சாப்பாடு முடிந்தது. பிறந்து ஒரு மாதமான குட்டிக்கும் இதுதான், பல் கொட்டிய கிழட்டு நாய்க்கும் இதுதான். வயதுக்கேற்ப மாறியது ஏனம் மட்டும்: குட்டிக்குச் சிரட்டை, வளர்ந்ததற்கு வாயுடைந்த மண்சட்டி, மூத்ததற்கு வீட்டில் கழித்துவிட்ட எனாமல் கோப்பை. ஏனம் மாறும்போது அதற்குள் இருப்பதும் மாறவேண்டும் என்பதை அந்த வீடுகள் பாதி அறிந்திருந்தன. மறுபாதியை நாய்கள் நோயுற்றும் செத்தும் கற்பித்தன.

இங்கே வருவது பெரும்பாலும் ஒரு வீட்டின் நினைவு. வீடு திருக்கடலூரில், கடலுக்கு நாலு வளவு தள்ளி. நாய் ஒரு பெட்டை. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுட்டி, பெயரும் சுட்டி. 2005ஆம் ஆண்டு மார்கழி மழையில் பிறந்து 2019 வரை இருந்தது. அதற்குச் சோறு குழைத்தவர் அந்த வீட்டு அம்மம்மா.

சோற்றில் வளர்ந்தால் நாய் உருப்படுமா என்று கேட்பவர்கள் உண்டு. உருப்படும். ஓநாயின் வழிவந்த பிராணியானாலும் மனிதரோடு சேர்ந்த பிறகு அதன் குடலும் மனிதர் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டது. மாப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாயில் பல படிகள் கூடுதலாக இருப்பதை 2013இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நன்றாக வெந்த சோறு நாய்க்குச் செரிக்கும். ஆனால் சோறு மட்டும் போதாது. எவ்வளவு போதாது என்பது நாயின் வயதைப் பொறுத்தது.

சிரட்டைக் காலம்

நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேளாது. பத்திலிருந்து பதினாலு நாளில் கண் திறக்கும், மூன்றாம் வாரத்தில் காது கேட்கும். அதுவரை குட்டிக்குத் தெரிந்தவை சூடும் முலையும்தான். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. தாய் நக்கிவிடாவிட்டால் சிறுநீர்கூடக் கழியாது. ஆகவே முதல் இரண்டு வாரத்தில் மனிதர் செய்யவேண்டியது தாய்க்குச் சாப்பாடு கொடுப்பதும், படுக்கை நனையாமல் பார்ப்பதுமே.

திருகோணமலையில் இந்த இரண்டாவது வேலை எளிதன்று. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு மழை. ஊர்நாய்கள் பலவும் அந்த மாரியில்தான் குட்டி போடும். சுட்டியின் தாய் தெரிந்தெடுத்த இடம் குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கின் கீழ். ஐந்து குட்டிகள். கீழே விரித்த சாக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் மாற்றப்பட்டது. ஈரச்சாக்கை அடுப்படியில் காயவைத்து மறுபடி விரித்தார்கள். பால் குடிக்கும்போது நான்கு பெரிய குட்டிகள் சேர்ந்து ஐந்தாவதைத் தள்ளிவிடும். அம்மம்மா காலையும் மாலையும் போய் அந்தச் சின்னதைத் தூக்கித் தாயின் பின்முலையில் பிடித்துக்கொண்டிருப்பார். அதுதான் பின்னாளில் சுட்டி ஆனது.

பிறந்த முதல் நாளில் சுரக்கும் சீம்பால் குட்டிக்குக் கிடைத்தே ஆகவேண்டும். தாயின் நோயெதிர்ப்பு அதன் வழியாகத்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அதை உள்வாங்காது. சுகமாக வளரும் குட்டி பத்து நாளுக்குள் பிறப்பு எடையைப் போல் இருமடங்காகும். தாயிழந்த குட்டிக்குப் பால்மா கரைத்துக் கொடுப்பது ஊர் வழக்கம். பசுப்பாலைவிட நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் தண்ணீராகக் கரைத்த பால்மாவில் குட்டியின் வயிறு நிறையும், உடம்பு தேறாது, கழிச்சலும் வரும். நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால்மா கிடைக்குமானால் அதுவே நல்லது.

மூன்றரை வாரத்தில் சிரட்டை வரும். சிரட்டை நிலத்தில் நிற்காது, உருளும். அதனால் முற்றத்து மணலில் பாதிவரை புதைத்து வைப்பார்கள். முதல்நாள் குட்டி அதற்குள் வாயை வைப்பதில்லை, முன்காலை வைக்கும். பிறகு தன் காலை நக்கும். நக்கியதில் சுவை பிடித்து, மூக்கை முக்கித் தும்மி, கடைசியில்தான் நாக்கால் அள்ளத் தெரிந்துகொள்ளும். சுட்டிக்கு இது இரண்டு நாளில் பிடிபட்டது.

சிரட்டைக்குள் இருந்தது குழைய வேகவைத்த சிவத்த அரிசிக் கஞ்சி. அதோடு அவித்த சூடைமீன், முள்ளோடு அம்மியில் அரைத்தது. அதற்கென்று கிணற்றடியில் ஒரு தேய்ந்த அம்மி கிடந்தது. முள் தொண்டையில் சிக்கும் என்ற பயத்தில் தொடங்கிய வழக்கம் அது, ஆனால் அதன் பெரும்பயன் வேறு. பால் மறக்கும் குட்டிக்கு, உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால், வளர்ந்த நாயைப்போல் இரண்டு மடங்கு சக்தி வேண்டும். அதன் உணவின் உலர்எடையில் நூற்றுக்கு 22 பங்குக்கு மேல் புரதமும், ஒரு பங்குக்கு மேல் கல்சியமும் இருக்கவேண்டும். சோற்றில் கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். அம்மியில் அரைந்த முள் அந்தக் குறையை அடைத்தது.

சின்ன வயிறு ஒரே தரத்தில் அதிகம் கொள்ளாது. மூன்று மாதம்வரை நாளுக்கு நாலு தரம், ஆறு மாதம்வரை மூன்று தரம், பிறகு இரண்டு தரம் என்பது பொதுக்கணக்கு. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் தாய்ப்பால் தானே நிற்கும். அதற்குமுன் குட்டியைப் பிரித்துக் கொடுத்தால் அது மற்ற நாய்களோடு பழகத் தெரியாமல் வளரும்; கடியின் அளவைக் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் குட்டி படிக்கிறது.

வயிறு பானைபோல ஊதி, முதுகெலும்பு தெரியும் குட்டியைச் சாப்பாட்டில் குறைவில்லாதது என்று எண்ணிவிடுவார்கள். பெரும்பாலும் அது பூச்சி. உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடும், பாலிலும் வரும். ஆகவே இரண்டாம் வாரத்திலேயே பூச்சிமருந்து தொடங்கி, மூன்று மாதம்வரை இரு வாரத்துக்கு ஒருதரம் கொடுக்கவேண்டும். அந்தப் புழுவின் முட்டை மணலில் கிடந்து பிள்ளைகளின் கையோடும் வாய்க்குள் போகும். முற்றத்தில் பிள்ளையும் குட்டியும் சேர்ந்து புரளும் வீட்டில் பூச்சிமருந்து இருவருக்குமான காவல்.

தடுப்பூசிகள் ஆறாம் எட்டாம் வாரங்களில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம்வரை போகும். டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான கூட்டூசி இது. பார்வோ 1978இல்தான் உலகின் கண்ணில் பட்டது. இரத்தக் கழிச்சலோடு வந்து இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோகும். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் பரவும் எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் மாரி ஊருக்குத் தேவை. சுட்டியோடு பிறந்த ஐந்தில் இரண்டு, ஊசிக்கு முன்பே ஒரே கிழமையில் கழிச்சலில் செத்தன. வீட்டில் அதைப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நோயின் பெயர் தெரிந்தது பிறகுதான்.

விசர்நாய்க்கடிக்கான ஊசி மூன்றாம் மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். இலங்கையில் இதற்கான சட்டம் 1893இலேயே வந்தது. 1973இல் நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். ஊசி பரவிய பின் அந்தத் தொகை வெகுவாக இறங்கியது. 2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தி, ஊசியையும் கருத்தடையையும் வழியாகக் கொண்டது. நாய்களுக்கான இந்த ஊசியை அரசு இலவசமாகவே போடுகிறது. ஊசி நாளில் ஊரே நாயோடு வரிசையில் நிற்கும். கழுத்துப்பட்டி உள்ள நாய் ஒன்றிரண்டுதான். மற்றவை தும்புக்கயிற்றிலும் சேலைக்கரையிலும் சைக்கிள் ரியூப்பிலும் வரும், சில சாரத்துக்குள் சுற்றியபடி தோளில் வரும். சுட்டி முதல் ஊசிக்கு வந்தது மீன்கூடைக்குள். ஊசி போட்ட அட்டை சாமிப்படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு, ஆண்டுதோறும் ஒரு வரி கூடியது.

வளரும் காலம்

நாலாம் மாதத்தில் பாற்பல் விழத் தொடங்கும். 28 பாற்பல் போய் ஏழாம் மாதத்துக்குள் 42 பல் முளைத்துவிடும். முரசு கடிக்கும், கண்டதையெல்லாம் கடிக்கும். செருப்பை ஒளித்துவைத்துத் தென்னைமட்டைத் துண்டைப் போடுவதே இதற்கு வைத்தியம்.

எலும்பு நீளும் காலமும் இதுதான். கல்சியமும் பொஸ்பரசும் ஒன்றுக்கொன்று என்ற அளவிலிருந்து இரண்டுக்கு ஒன்று என்ற அளவுக்குள் இருக்கவேண்டும். இறைச்சியிலும் சோற்றிலும் இருப்பது பெரும்பாலும் பொஸ்பரஸ். இறைச்சியையும் சோற்றையும் மட்டும் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். முன்கால்கள் வளையும், நடக்கும்போது நோகும்.

சுட்டிக்கு அந்த ஆபத்து வந்தது 2006இல். போர் மறுபடி மூண்டிருந்தது. கடலுக்குப் போகக் கட்டுப்பாடு, இரவுத் தொழிலுக்குத் தடை. மீன் வீட்டாருக்கே போதாதபோது நாய்க்கு ஏது? இரண்டு மாதம் சட்டியில் சோறும் பருப்புத் தண்ணீரும் மட்டும். சுட்டியின் முன்கால் மணிக்கட்டுகள் வெளிப்பக்கம் சாயத் தொடங்கியதை முதலில் கண்டது பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை. மிருக வைத்தியர் மருந்து எழுதவில்லை, முட்டைக்கோது சேர்க்கச் சொன்னார். கோதைக் கழுவி, வறுத்து, மாவாக இடித்தால் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய இரண்டு கிராம் கல்சியம் இருக்கும். சுட்டி போன்ற நடுத்தர நாய்க்கு அதில் பாதியே ஒருநாளுக்குத் தாராளம். உப்பு நீங்க இரவெல்லாம் ஊறவைத்த நெத்தலிக் கருவாடும் சேர்ந்தது. இரண்டு மாதத்தில் கால் நேராயிற்று. அல்சேஷன் போன்ற பெரிய சாதி நாய்க்கு இதற்கு எதிர்ப்பக்கமும் ஆபத்து: வேகமாக வளரட்டும் என்று கல்சிய மாத்திரையை அள்ளிப்போட்டால் மூட்டும் எலும்பும் கோணலாகும்.

பயமும் சாப்பாட்டை நிறுத்தும். அந்த ஓகஸ்டில் சம்பூர்ப் பக்கம் சண்டை நடந்த நாட்களில், வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் சுட்டி கட்டிலின் கீழே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் சட்டியைத் தொடவில்லை. வெளியே இழுக்கப்போன பிள்ளையை அம்மம்மா தடுத்தார்: “விடு பிள்ளை, தண்ணிய மட்டும் கிட்ட வை. பயம் தெளிஞ்சா அதுவா வரும்.” சரியான வைத்தியம் அதுவே. வளர்ந்த, சுகமான நாய் ஒன்றிரண்டு நாள் பட்டினியைத் தாங்கும், தண்ணீரில்லாமல் தாங்காது. பின்னாளில் போர் முடிந்த பிறகும் கோயில் வெடிக்கு அது அதே கட்டிலைத்தான் தேடிப்போனது.

சட்டிக் காலம்

ஒரு வயது கடந்த நாய் வளர்ந்த நாய். மனிதரின் ஏழு ஆண்டு நாய்க்கு ஓராண்டு என்ற வாய்க்கணக்கு சரியல்ல. 2020இல் லாப்ரடோர் நாய்களின் மரபணுக்களில் வயதோடு படியும் மெதில் குறிகளை அளந்த அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி, ஒரு வயது நாய் முப்பது வயது மனிதருக்குச் சமம். நாலு வயதில் ஐம்பதைக் கடக்கும். பிறகு வேகம் குறையும். ஆகவே நாயின் வாழ்வில் நீண்ட பகுதி இந்த நடுவயதுதான்.

சுட்டியின் எடை 15 கிலோ. ஓடியாடும் அந்த அளவு நாய்க்கு ஒருநாளைக்கு ஏறக்குறைய 850 முதல் 950 கலோரி வேண்டும். வெறும் சோற்றால் அதை நிரப்ப 700 கிராம் சோறு போடவேண்டும். அதில் புரதம் 19 கிராம்தான் இருக்கும். தேவையோ 40 கிராம் அளவில். அதையே 500 கிராம் சோறும் 150 கிராம் அவித்த மீனுமாக வைத்தால் கலோரியும் புரதமும் இரண்டும் நிரம்பும். சோறு மூன்று பங்குக்கு மேல், மீன் ஒரு பங்கு. ஊர்ச்சட்டிகளில் இந்தப் பங்கு பத்துக்கு ஒன்றாக இருந்தது. நாய்கள் கொழுத்தும் மயிர் மங்கியும் இருந்ததன் காரணம் அதுவே. கொஞ்சம் பூசணி, கிழமைக்கு ஒருதரம் ஒரு துண்டு ஈரல், ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்ந்தால் சட்டி ஏறக்குறைய நிறைவாகும்.

கடையில் விற்கும் தீவனத்தில் இந்தக் கணக்கை ஆலை செய்துவிடுகிறது. வாங்குபவர் பார்க்கவேண்டியது பையில் எந்தப் பருவத்துக்கு என்று எழுதியிருக்கிறது என்பதை. குட்டிக்கானது வேறு, வளர்ந்ததற்கானது வேறு. 2022இல் ரூபாய் சரிந்து இறக்குமதித் தீவனத்தின் விலை ஏறியபோது பையை விட்டுச் சட்டிக்குத் திரும்பிய வீடுகள் உண்டு. சட்டிக்குத் திரும்புவதில் குற்றமில்லை, பங்கு தெரிந்திருந்தால்.

சட்டியில் சேரக்கூடாதவை சில உண்டு. முதலாவது வெங்காயம். வெந்தாலும் வேகாவிட்டாலும் அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஆகவே குழம்பு ஊற்றிப் பிசைவது கூடாது. மீனை வெறும் தண்ணீரில் அவித்துப் பிசைய வேண்டும். இரண்டாவது கோழியின் வெந்த எலும்பு. அது சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். கருவாட்டு உப்பு, அளவுமீறிய தேங்காய்ப்பால், முந்திரிகைப்பழம், சொக்லேற் ஆகியவையும் விலக்கவேண்டியவை. சூடை, நெத்தலி போன்ற மீன்களைப் பச்சையாக நாளும் கொடுத்தால் அவற்றிலுள்ள ஒரு நொதி விற்றமின் பி1ஐ அழித்துவிடும். நாய் தள்ளாடும், வலிப்பும் வரும். அவித்தால் அந்த நொதி செத்துப்போகும்.

அவித்தும் சாகாத நஞ்சு ஒன்று கரையில் உண்டு. கரைவலை இழுத்து மீனைத் தெரியும்போது பேத்தை மீனை மணலில் எறிந்துவிடுவார்கள். ஊதிப்போய் வெள்ளை வயிறு மேலே தெரியக் கிடக்கும். சுட்டிக்கு முன் அந்த வீட்டில் நின்ற கடுவன் ஒருநாள் விடிய அதைக் கவ்வியது. வீட்டுக்கு வரும்போது பின்கால் இரண்டும் இழுபட்டன. படலையடியில் படுத்தது எழும்பவில்லை. மதியத்துக்கு முன் மூச்சு நின்றது. கண் மட்டும் கடைசிவரை ஆட்களைப் பார்த்தபடி இருந்தது. பேத்தையின் நஞ்சு தசைகளை ஒவ்வொன்றாக முடக்கி மூச்சையும் முடக்கும், மாற்றுமருந்து இல்லை. அன்றிலிருந்து வலை இழுக்கும் நேரத்தில் அந்த வீட்டு நாய் கட்டப்பட்டே இருந்தது.

வளர்ந்த நாய்க்குச் சோற்றைவிடத் தண்ணீர் பெரிது. கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் என்பது சாதாரண நாளின் கணக்கு. கச்சான் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை அதைவிட மிகக் கூட வேண்டும். நாய்க்கு வியர்வை உள்ளங்காலில் மட்டும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டை இறக்குகிறது. கச்சான் நாட்களில் சுட்டி வாழையடியில் கிணற்றுத்தண்ணீர் ஓடும் இடத்தைத் தோண்டி, குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கும். குழியை மூடவேண்டாம் என்பது அம்மம்மாவின் கட்டளை. நாயின் உடம்புச் சூடு 39 பாகை செல்சியஸ் வரை இயல்பு. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலில் போட்டுச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். கடலில் குளித்த நாயை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்புக் காய்ந்து தோல் சொறியும்.

உண்ணியும் தெள்ளும் கோடையிலும் விடா. உண்ணி கடிப்பது பெரிதல்ல. அது கொண்டுவரும் காய்ச்சல் பெரிது. சாப்பாடு மறுத்து, முரசு வெளிறி, சிறுநீர் கறுத்தால் இரத்தத்தைச் சோதிக்கவேண்டும். நுளம்பு கடித்தும் நாய்க்குள் புழு ஏறும். சொறி பிடித்த நாய்க்குப் படகு எஞ்சினில் கழித்த ஒயிலைப் பூசுவது கரையூர்களின் பழைய கைவைத்தியம். நாய் அதை நக்கும்; ஈரலும் சிறுநீரகமும் கெடும். சொறிக்குக் காரணமான சிற்றுண்ணியைக் கொல்ல மிருக வைத்தியரிடம் இலகுவான மருந்துகள் உண்டு. சொறியில் ஒருவகை மனிதருக்கும் தொற்றும்.

இரவில் நாயை வளவுக்குள் வைப்பது நாய்க்கும் ஊருக்கும் நல்லது. பிரட்றிக் கோட்டையிலிருந்து நகரத்துக்குள் இறங்கி மேயும் புள்ளிமான்களைக் கூட்டமாகத் திரியும் நாய்கள் விரட்டுவது திருகோணமலையில் பழகிய காட்சி. அவற்றில் பலவும் பகலில் ஒரு வீட்டின் நாய்கள்.

சினையும் பாலும்

பெட்டைநாய் ஆறு மாதத்துக்கு ஒருதரம் அளவில் பருவத்துக்கு வரும்; அது இரண்டு மூன்று வாரம் நிற்கும். சினைப்பட்ட முதல் ஐந்து வாரம் சாப்பாட்டைக் கூட்டத் தேவையில்லை. பிறகு மெல்லக் கூட்டி, குட்டி போடும் நாளில் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குவரை கொண்டுபோகலாம். வயிற்றைக் குட்டிகள் நெருக்குவதால் சிறிது சிறிதாகப் பல தரம் வைக்கவேண்டும். குட்டி போடுவதற்கு ஒருநாள் முன் உடம்புச் சூடு ஒரு பாகை இறங்கும், சாப்பாட்டை மறுக்கும், மூலையைக் கிளறும்.

பால் கொடுக்கும் மூன்றாம் நாலாம் வாரங்கள்தான் நாயின் வாழ்விலேயே பெரும்பசிக் காலம். குட்டிகளின் தொகையைப் பொறுத்து இரண்டு முதல் நாலு மடங்கு வேண்டும். சுட்டி முதற்குட்டி போட்டது 2007இல், ஆறு குட்டி. அளவு தெரியாமல் வழக்கமான சட்டியையே வைத்தார்கள். இரண்டு வாரத்தில் விலா தெரிந்தது, இடுப்பு குழிந்தது. அயல்வீட்டுக் குசினியில் புகுந்து புட்டைத் தின்று அடிவாங்கி வந்த அன்றுதான் அம்மம்மா சட்டியை மாற்றினார். வீட்டாருக்குக் குழம்பு வைக்கும் பெரிய சட்டி சுட்டிக்குப் போயிற்று, நாளுக்கு மூன்று தரம். பால்கொடுக்கும் நாய் நடுங்கி, கால் விறைத்து, மூச்சிரைத்தால் இரத்தத்தில் கல்சியம் இறங்கியதென்று கொள்ளலாம்; சிறிய சாதி நாய்களில் கூடுதலாக வரும் அந்த நிலையில் தாமதம் கூடாது.

இரண்டாம் ஈற்றின் குட்டிகளுக்கு வீடு தேடி அலைந்து களைத்த பிறகு, 2009இல் சுட்டிக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை நடந்தது. தையலை நக்காமலிருக்கப் பேரப்பிள்ளையின் பழைய பெனியனை மாட்டிவிட்டார்கள். முன்கால்களுக்குக் கைத்துளை சரியாகப் பொருந்தாமல் அது பத்து நாள் ஒருபக்கமாகவே நடந்தது. குட்டி தரிக்காமலிருக்க ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வருவது மலிவு. ஆனால் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து அதில் உண்டு. சத்திரசிகிச்சையில் அந்த ஆபத்து நீங்கும், முதற்பருவங்களுக்கு முன்பே செய்தால் முலைப்புற்றும் வெகுவாகக் குறையும். அதன்பின் பசி கூடி உடம்பின் தேவை குறைவதால் சட்டியில் சோற்றைக் குறைக்கவேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது, அளவு அதுவே.

கோப்பைக் காலம்

ஏழெட்டு வயதில் முகவாயில் நரை தொடங்கும். ஓட்டம் குறைவதால் கலோரித் தேவை ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். கிழட்டு நாய்க்கு மீன் எதற்கு, கஞ்சி போதும் என்பது தவறான எண்ணம். தசை கரையும் வயதில் புரதம் குறையக்கூடாது, குறைக்கவேண்டியது சோற்றை. சிறுநீரகம் கெட்டதென்று வைத்தியர் சொன்னால் மட்டுமே கணக்கு மாறும்.

சுட்டிக்குப் பதினொரு வயதில் பின்பற்கள் காரைபடிந்து இரண்டு விழுந்தன. குனிந்து சட்டிக்குள் வாயை விடக் கழுத்து நொந்தது. அப்போதுதான் விளிம்பு கழன்ற எனாமல் கோப்பை வந்தது. இரண்டு செங்கல்லின் மேல் வைக்கப்பட்டது. அம்மம்மாவுக்கும் அந்த வயதில் பல் இல்லை. அவருக்காகக் குழைய வடித்த சோற்றையே சுட்டிக்கும் போட்டார்கள்.

முதிய நாயின் கண்மணியில் வரும் நீலப்புகை பெரும்பாலும் வயதின் வேலை. பார்வையை அதிகம் கெடுக்காது. வெண்மையாகத் திரண்டால் அது கண்புரை. படுத்து எழும்பும்போது பின்கால் இழுபட்டால் மூட்டுவாதம். மாரி ஈரத்தில் அது கூடும். சீமெந்துத் தரையில் சாக்கை இரட்டையாக மடித்துப் போடவேண்டும். வீட்டில் இருக்கும் பனடோலை நாய்க்குக் கொடுப்பது ஊரெங்கும் நடக்கும் பிழை. மனிதர் அளவு நாயின் ஈரலைக் கெடுக்கும். இபுபுரோபன் வகை மாத்திரை குடலைப் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும். நாய்க்கான நோமருந்துகள் வேறு. நடுச்சாமத்தில் காரணமில்லாமல் ஊளையிடுவதும், பழகிய படலையைத் தெரியாமல் நிற்பதும் மூளை முதுமையடைவதன் அடையாளங்கள். வெளிச்சம் ஒன்றை எரியவிட்டு, பாத்திரமும் படுக்கையும் இடம் மாறாமல் வைத்தால் அதற்குத் தடுமாற்றம் குறையும்.

பதின்மூன்று வயதில் சுட்டி தண்ணீரை மிகுதியாகக் குடித்தது. இரவில் பாயை நனைத்தது. சோதித்தபோது சிறுநீரகம். இந்த நோயில் தண்ணீரைக் குறைப்பது கொலைக்குச் சமம், கேட்கும்போதெல்லாம் வைக்கவேண்டும். உப்பும் பொஸ்பரசும்தான் குறையவேண்டியவை. ஆகவே முள்ளும் மீன்தலையும் நின்றன. வெள்ளைச்சோறு, முட்டையின் வெள்ளைக்கரு, கொஞ்சம் மீன்சதை, சிறிது எண்ணெய் என்று வைத்தியர் எழுதிக்கொடுத்தார். வீட்டார் சாப்பாடு எதுவும் அந்தச் சீட்டுக்குப் பொருந்தவில்லை. அந்தக் குசினியில் முதன்முறையாக நாய்க்கென்று ஒரு சிறிய பானை தனியாக அடுப்பில் ஏறியது. ஐந்து மாதம் அது தினமும் ஏறி இறங்கியது.

சாப்பாட்டை முற்றாக மறுத்த மூன்றாம் நாள் சுட்டி கண்ணை மூடியது. நோவில் நாள் நீளுமானால் ஊசியால் அமைதியாக முடிக்கும்படி மிருக வைத்தியரைக் கேட்கலாம். இங்கே அது தேவைப்படவில்லை. இறந்த நாயைக் கடற்கரையிலோ குப்பையிலோ எறியக்கூடாது. மற்ற நாய்கள் தோண்டாதபடி மூன்றடிக்குக் குறையாத குழியில், கிணற்றுக்குத் தூரமாகப் புதைக்கவேண்டும். மணல்நிலத்தில் குழி சரிந்துகொண்டே வரும் என்பதால் நாலடி வெட்டினார்கள். இடம் வேலியோரத்துத் தென்னையடி. மண்ணை மூடி, மேலே கோப்பைக்குக் கீழிருந்த இரண்டு செங்கல்லையும் வைத்தார்கள்.